முகாமுக்கு +2 பிள்ளைகளும் வரட்டும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

காலாண்டு விடுமுறை வந்தால் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் படங்கள் நாளிதழ்களில் வரிசையாக வரும். மண்வெட்டியோடு பிள்ளைகள், நடுவில் தலைமையாசிரியரும் ஊராட்சித் தலைவரும். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் அப்படி நிற்பவர்கள் பெரும்பாலும் +1 படிப்பவர்கள். +2 பிள்ளைகளைக் காணோமே என்று யாரும் கேட்பதில்லை.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திட்ட அலுவலர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தேன். 1969-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, அதோடு கிராமத்தில் 7 நாள் முகாம் ஒன்று. முகாமை +1-லேயே முடித்துவிட்டு, +2 வந்ததும் பொதுத்தேர்வு என்று சொல்லி வகுப்பில் உட்கார வைத்துவிடுகிறோம். அதனால் ஒவ்வொரு முகாமிலும் எல்லாரும் புதியவர்கள். சொல்லிக்கொடுக்க இருப்பது ஓர் ஆசிரியர். அவரோ மளிகைச் சாமான், தண்ணீர் லாரி, மேடை என்று அலைந்துகொண்டிருப்பார்.

வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகும் புதுப் பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? வாசலில் நின்றபடியே தாளைப் பார்த்து, "உங்க மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்கும். அந்த வீட்டுக் கதவு அப்புறம் 7 நாளும் திறக்காது. ஒருமுறை எங்கள் தலைமையாசிரியர் மனம் இரங்கி +2 பிள்ளைகள் சிலரை அனுப்பினார். அவர்களில் ஒரு பெண், ஆளுக்கு இரண்டு புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள். அவள் எந்த வீட்டிலும் தாளை எடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள், திண்ணையில் உட்கார்ந்தாள், மாடு எத்தனை படி கறக்கிறது என்று விசாரித்தாள். அந்த அம்மாவே ரேஷன் கார்டை எடுத்து வந்து நீட்டினார். மூன்றாவது வீட்டில், "இப்ப நீ பேசு" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். பயிற்சி என்றால் எனக்கு அதுதான். தொடக்க விழாவில் மைக் பிடித்து நாங்கள் பேசுவதில் இதில் கால்வாசிகூட இல்லை.

கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் வெட்டும்போதும் இதே கதை. முள்ளை ஒரு கவைக் கம்பால் தள்ளிப் பிடித்துக்கொண்டு அடியில் வெட்ட வேண்டும். முந்தைய ஆண்டு கையைக் கிழித்துக்கொண்ட பையன் சொன்னால் புதுப் பையன் கேட்பான். ஆசிரியர் சொன்னால் தலையாட்டுவான், அவ்வளவுதான்.

வழிகாட்டியாக யாரை அனுப்புவது? முதல் மதிப்பெண் எடுப்பவர்களைத்தான் பள்ளிகள் தேர்ந்தெடுக்கும். என்னைக் கேட்டால், போன முகாமில் முதல் ராத்திரி வீட்டு நினைப்பில் அழுத பிள்ளையைத்தான் அனுப்புவேன். புதிதாக வந்த பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால் அதன் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும் என்று தலைமையாசிரியர்கள் பயப்படுவது எனக்கும் தெரியும். மேலே பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே. ஆனால் 7 நாளும் வேண்டாம். நான்கைந்து பேர், முதல் இரண்டு நாள் வந்தால் போதும். பொதுத்தேர்வுக்கு அப்போது இன்னும் ஐந்து மாதம் இருக்கும். அதுவும் முடியாதென்றால், படிப்பை முடித்து உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்திருக்கும் பழைய தொண்டர்களைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வருவார்கள். பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் முகாம் செலவில் சேரட்டும்.

இரண்டில் எதைச் செய்வதானாலும் பள்ளிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தலைமையாசிரியரும் துணிய மாட்டார். முகாமுக்கு முன் வரும் சுற்றறிக்கையிலேயே கல்வித்துறை இதையும் சேர்த்துவிட வேண்டும். முகாம் தொடங்கிய பிறகு வந்து பயனில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆலங்குடி, புதுக்கோட்டை மாவட்டம்.