உன் காகிதப் பூக்களைப் பார்த்தேன்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதமும் அதனுடன் அனுப்பியிருந்த படமும் கிடைத்தன. மகளின் திருமண வேலைகள் ஓய்ந்தபின் நீயும் காகிதப் பட்டைகளைச் சுருட்டி உருவங்கள் செய்யும் குவில்லிங்கில் இறங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். கண்ணாடியின் பவர் மட்டும் கூடிவிட்டதால், நான் இப்போதெல்லாம் பகல் வெளிச்சத்தில்தான் பட்டை சுருட்டுகிறேன்.

அடர்சிவப்புத் தாளில் செய்தும் பூ ஏன் வெளிறித் தெரிகிறது என்று கேட்டிருந்தாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததுமே காரணம் புரிந்தது. மேற்பரப்பில் மட்டும் வண்ணம் ஏற்றிய பளபளப்புத் தாளை நீ பட்டைகளாக வெட்டியிருக்கிறாய். சுருட்டி நிறுத்திய பட்டையில் நம் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் தாளின் விளிம்புதான்; உள்ளே வெள்ளையாக இருக்கும் தாள், விளிம்பில் அந்த வெள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே, காகிதக் கூழிலேயே நிறம் கலந்த தாளை வாங்கு. கிழித்துப் பார்த்தால் கிழிசலிலும் அதே நிறம் இருக்க வேண்டும். சில நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பியக் கன்னிமாடங்களில் இக்கலை வளர்ந்தபோது, புத்தகங்களின் தங்கப்பூச்சு விளிம்புகளை நறுக்கியெடுத்த பட்டைகளைத்தான் சுருட்டினார்கள் என்பார்கள். பொன்கம்பி வேலை போன்ற தோற்றம் விளிம்பிலிருந்தே கிடைத்திருக்கிறது, பார்!

இதழ்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறியிருப்பதற்குத் தீர்வு எளிது. ஒரு பூவுக்கான 3 மி.மீ. பட்டைகளையெல்லாம் முதலிலேயே ஒரே நீளத்தில் வெட்டிவை. சுருட்டி ஊசியிலிருந்து கழற்றியதும், ஒவ்வொரு சுருளையும், பல அளவு வட்டக் குழிகள் கொண்ட அளவுப் பலகையின் ஒரே வட்டத்துக்குள் போட்டுவிடு. காகிதம் தானாகவே முறுக்குத் தளர்ந்து வட்டத்தின் ஓரத்தைத் தொட்டு நிற்கும். பிறகு நுனியை ஒட்டி, நடுச்சுருளை இடுக்கியால் ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தை விரல்களால் கிள்ளு. ஒதுங்கிய பக்கத்தில் அடுக்குகள் நெருங்க, கிள்ளிய கூர்முனையை நோக்கி அவை இடைவெளிவிட்டு விரிந்து, இதழில் நரம்பு ஓடுவதுபோல் தெரியும். ஊசிமுனையில் தொட்ட பசை போதும். விளிம்பில் வழிந்து காய்ந்தால் அந்த மினுமினுப்பு தனியாகத் தெரியும். எல்லா இதழ்களையும் அச்சில் வார்த்ததுபோல் கிள்ள வேண்டியதில்லை. அளவு ஒத்திருந்தால் போதும்; கூர்மையில் சிறு பேதம் இருப்பதே எனக்குப் பிடிக்கும்.

தாளின் முகப்பைக் காட்டும் பூவும் ஒன்று உண்டு. 10 மி.மீ. பட்டையின் ஓர் ஓரத்தை, அடியில் 3 மி.மீ. அளவுக்கு விட்டுவிட்டு, நெருக்கமாக நறுக்கிக்கொண்டே போ. அதன் தொடக்கத்தில் மஞ்சள் நிற 3 மி.மீ. பட்டையொன்றை, இரண்டின் அடியோரமும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு ஒட்டி, மஞ்சள் முனையிலிருந்து இறுக்கிச் சுருட்டு. கடைசி நுனியை ஒட்டிப் பசை காய்ந்தபின், பெருவிரலால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தள்ளினால், நறுக்குகள் மடங்கிச் சாமந்திபோல் விரியும். நறுக்கும் வேலை சலிப்பூட்டும். ஆனால் விரிகிற கணத்துக்காகவே நான் மறுபடியும் கத்தரியை எடுக்கிறேன். இத்தகைய பூவொன்றை நடுவில் வைத்துச் சுற்றிலும் சுருள் இதழ்ப் பூக்களை அமைத்தால், முகப்பும் விளிம்பும் கலந்து வடிவம் எடுப்பாக இருக்கும். உன் படத்தில் பூக்கள் இடைவெளியின்றி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பாதியைக் குறைத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

சட்டமிடும்போது கண்ணாடி பூக்களை அழுத்தாதபடி ஆழமான சட்டமாகப் பார்த்து வாங்கு. வெயில் நேரடியாக விழுந்தால் நிறம் மங்கும். ஈரக்காற்றில் சுருள் நெகிழும். நிறம் கலந்த தாளில் செய்த முதல் பூவை, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி வைத்துப் படமெடுத்து அனுப்பு. மணமக்களுக்கு என் ஆசிகளைச் சொல்.

அன்புடன்,
கமலா