முகாம் முடிஞ்சா அப்புறம் யாருங்க வருவாங்க?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு முகாம் நடந்த செய்தியைப் போட்டோவோட போட்டிருந்தீங்க, வீல்சேர் குடுத்தாங்க, காலுக்கு மாட்டற காலிப்பர் குடுத்தாங்க, காது மெஷின் குடுத்தாங்க, நெம்ப சந்தோசமுங்க. ஆனா கடைசியில, வேண்டிய தெரபி எல்லாம் பள்ளிக்கூடத்துலயே கெடைக்குதுன்னு ஒரு வரி வந்துது பாருங்க, அதுக்குத்தான் இந்தக் கடிதாசி. எல்லாம் கெடைக்கலீங்க. ஆக்குபேஷனல் தெரபி, ஓ.டின்னு சொல்றாங்களே, சாப்பிடறது, உடுத்தறது, எழுதறது மாதிரி அன்றாட வேலையைத் தானே செய்யப் பழக்கி விடற தெரபி, அது எங்க பக்கம் அரசுப் பள்ளிக்கூடத்துல நான் பாத்த வரைக்கும் இல்லவே இல்லீங்க.

நான் சென்னிமலைப் பக்கம் சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவ. டீச்சருங்க பிள்ளையோட நோட்டைப் பாப்பாங்க, நாங்க கையைப் பாப்போம். சோத்தைப் பெசஞ்சு வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள பாதி கீழ சிந்தற பிள்ளை, குழாயைத் திருக முடியாம தட்டைக் கழுவாமயே வெக்கற பிள்ளை, பட்டன் கழட்டத் தெரியாததால பாத்ரூம் போகாம அடக்கிட்டே உக்காந்திருக்கற பிள்ளை, தட்டுச் சத்தம் கேட்டாலே ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு வராண்டாவுக்கு ஓடற பிள்ளை, எல்லாத்தையும் பாத்திருக்கறேன். இதுகளுக்கு சோம்பேறி, சேட்டைக்காரன்னு பேரு வெச்சிருவாங்க. காலு வளைஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியுது, முகாம்ல எழுதிக்கறாங்க. இது எந்த முகாம்லயும் தெரியாதுங்க, சாப்பாட்டு நேரத்துல வந்து உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.

என்ற மகளோட பையனைக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனப்பத்தான் இதுக்குன்னு ஒரு படிப்பே இருக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. பையன் எழுத மாட்டேங்கறான்னுதான் போனோம். அந்த தெரபிஸ்ட் பொண்ணு பென்சிலையே கையில குடுக்கலீங்க. மொதல்ல உக்கார வெச்சுப் பாத்துது, சுவத்துல கை ஊனித் தள்ளச் சொல்லுச்சு, அப்புறமேட்டு ஸ்கூல் பெஞ்சு எவ்வளவு ஒசரம், காலு தரையில படுதான்னு கேட்டுது. காலு தொங்குனா இடுப்பு நிக்காதுங்கம்மா, இடுப்பு நிக்காட்டி தோளு நிக்காது, தோளு ஆடிட்டே இருந்தா வெரலு எப்படி எழுதும்னுச்சு. நாங்க வருசக்கணக்கா பிள்ளைக வெரலைத்தான் திட்டிட்டு இருந்திருக்கறோம். காலுக்கடியில ஒரு மரப்பலகை, பென்சிலுக்கு ஒரு தடிமனான ரப்பர், வெச்சு எழுதறதுக்கு சரிவா ஒரு அட்டை, ஊட்டுல கடலை உரிக்கறது, துணிக் கிளிப்பு மாட்டறது, சப்பாத்தி மாவு பெசயறது, இவ்வளவுதான் சொல்லி அனுப்புச்சு. கடலைக்காய்க்கு நம்மூர்ல பஞ்சமாங்க? சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல.

பிசியோதெரபி இருக்குதே, அது பத்தாதான்னு கேப்பாங்க. வட்டார வள மையத்துல இருந்து வர்ற பிசியோக்காரங்களை நான் கொறை சொல்லலீங்க, பாவம் ஒரு பிளாக் முழுக்க சுத்தறாங்க. ஆனா ரெண்டும் வேற வேலை. எங்க பக்கத்து ஊட்டுத் தறிக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு, பிசியோ செஞ்சு நடக்க வெச்சுட்டாங்க, ஆனா சட்டை போட சம்சாரம் வரணும், சோறு அள்ள சம்சாரம் வரணும். ஓ.டி பாத்தப்புறம்தான், போடும்போது விழுந்த கையை மொதல்ல நுழைக்கணும், கழட்டும்போது நல்ல கையை மொதல்ல உருவணும்னு சொல்லிக் குடுத்தாங்க, கரண்டிக்குத் தடியாப் புடி போட்டாங்க, தட்டு நழுவாம இருக்க அடியில ரப்பர் மேட்டு வெச்சாங்க. நடக்கறது ஒண்ணு, நடந்து போயி வேலையைப் பாக்கறது இன்னொண்ணுங்க.

இன்னொரு கூத்தும் சொல்றேன். பத்தாவது, பன்னெண்டாவது பப்ளிக் பரிட்சையில மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக் குடுக்கறாங்க, சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஆள் குடுக்கறாங்க, நல்ல விசயம். ஆனா ஒண்ணாவதுல பென்சில் புடிக்கப் பழக்கி விட ஆள் குடுக்கறதில்லையே? அப்பவே பாத்திருந்தா அதுல சில பிள்ளைகளாச்சும் தானே எழுதியிருக்கும்.

இப்ப அரசாங்கம் மாற்றுத்திறனாளிகளுக்கு விழுதுகள்னு மையம் தொறக்குது, அதுல ஓ.டியும் உண்டுங்கறாங்க, வரவேற்கறேன். ஆனா மையத்துல தெரபிக்குன்னு ஊஞ்சல் ஆடிட்டு வர்ற பிள்ளை மறுநாள் அதே ஒசரப் பெஞ்சுல காலைத் தொங்க விட்டுத்தானே உக்காரணும்? தெரபிஸ்ட் கிளாசுக்கு வந்து டீச்சர்கிட்டப் பேசி, பெஞ்சை மாத்தி, மத்தியானம் சத்துணவுக் கூடத்துல அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுப் போகணும். மலை மேல இருக்கற தாளவாடிப் பிள்ளை 27 கொண்டை ஊசி வளைவு எறங்கி வந்து தெரபி எடுத்துட்டுத் திரும்பி ஏறணும்னா எந்தத் தாய் ரெண்டாவது தடவை கூட்டிட்டு வருவா? தனியார்கிட்டப் போனா ஒரு செஷனுக்கே தறி ஓட்டறவங்க ஒரு நாள் கூலி போயிருது.

ஆள் கெடைக்கலைன்னு மட்டும் சொல்ல வேண்டாங்க. பம்பாய் கே.இ.எம் ஆஸ்பத்திரியில 1950லயே ஆரம்பிச்ச படிப்பு இது, நம்ம கோவையில கே.எம்.சி.ஹெச் ஆஸ்பத்திரியில இதுக்குன்னே காலேஜ் இருக்குது. படிச்சு முடிச்ச பிள்ளைக வெளிநாட்டுக்குப் போகுதுன்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சு. இங்க போஸ்டிங் இருந்தா ஏன் போகுதுங்க?

ஈரோடு மாவட்டத்துல 14 ஒன்றியம் இருக்குது. எத்தனை ஒன்றியத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓ.டி வர்றாங்கன்னு உங்க நிருபர் தம்பியை முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ) ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டு, அந்தக் கணக்கை முகாம் போட்டோ வந்த அதே பக்கத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்