நீ அடித்துவிட்ட வரி

முசிறி
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. காரைக்குடி முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது. 31 வருடம் அஞ்சலகத்தில் முத்திரை குத்தியவளுக்கு அதைப் பார்த்தால் இன்னும் கை பரபரக்கிறது. என்ன செய்ய.

கேட்டதற்கெல்லாம் முதலில் பதில். முட்டி வலி அப்படியே இருக்கிறது. மகள் ஓசூரிலேயே வீடு பார்த்துவிட்டாள், என்னையும் வரச் சொல்கிறாள். நான் காவிரியை விட்டு வருவதாக இல்லை. இந்த வருடம் கூழ் வடகம் நன்றாகக் காய்ந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரியை அடித்திருக்கிறாய். ஒற்றைக் கோடாக அடித்திருந்தால் நான் விட்டிருப்பேன். ஐந்தாறு முறை, பேனா முனை தாளைக் கீறும்படி அடித்திருக்கிறாய். தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். பிறர் கடிதத்தைத் தொடாமல் வேலை பார்த்தவள்தான் நான். ஆனால் இது என் பெயருக்கு வந்த கடிதம். ‘சில நாள் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது கமலா.’

அன்றும் மறுநாளும் உனக்குப் போன் செய்தேன். அடுப்பில் பால் இருக்கிறது என்றாய், தொலைக்காட்சி சத்தம் என்றாய். அதனால்தான் எழுதுகிறேன். தாளில் நீ பேச்சை மாற்ற முடியாது. எதிர்வீட்டு விசாலத்திடம் தினமும் ஒரு முறை வந்து உன்னை எட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. தம்பி செல்வத்துக்கு முதுகுவலி, ஆஸ்பத்திரிக்கு அலைகிறோம் என்று போன வருடம் எழுதியிருந்தேன் அல்லவா? அது முதுகுவலி இல்லை.

போன வைகாசியில் ஒரு சாயங்காலம் அடித்த சூறைக்காற்றில் தம்பியின் வாழைத்தோட்டம் படுத்துவிட்டது. தார் தள்ளி நின்ற பூவன், இன்னும் இருபது நாளில் வெட்டு. அதன் பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தான். விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், ஒரு வாய் உள்ளே போகாது. கடன் கவலை, தானாகச் சரியாகிவிடும் என்று அவன் மனைவி மல்லிகா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எங்களுக்குக் குணசீலம் பக்கம்தானே. பெருமாள் கோயிலில் மனம் பேதலித்தவர்களை 48 நாள் தங்கவைத்து, உச்சிக்காலத்திலும் அர்த்தசாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பது காலங்காலமாக நடக்கிறது. இப்போது அங்கே மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பத்து நாள் மல்லிகா அவனைக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். தீர்த்தம் விழுந்த நேரம் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான் என்றாள். அதுவே பெரிது என்று தோன்றியது.

இன்னொரு உறவுக்காரர் சொன்ன வழிதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏதோ ஒரு தனியார் ‘மையம்’, ஊர் பெயர் வேண்டாம். போனில் பேசினால், ராத்திரி கார் அனுப்புவோம், ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம், மூன்று மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது, முன்பணம் கட்டிவிடுங்கள் என்கிறார்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த இடம்தானா, பதிவு எண் என்ன என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான். இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏர்வாடியிலிருந்து. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்ததே, சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் வெந்து போனார்களே. அப்போது நான் கவுண்டரில் இருந்தேன். ஏர்வாடியில் மகனை விட்டுவிட்டு மாதாமாதம் மணியார்டர் போடும் ஓர் அம்மா மறுநாள் காலையில் ஓடி வந்து, போன மாதப் பணத்துக்குக் கையெழுத்து வந்ததா, எந்தத் தேதி என்று கேட்டாள். கைநாட்டுப் போட்ட துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினேன். தேதி ஜூலை. அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது? அவள் மகன் வேறொரு காப்பகத்தில் இருந்தான், பிழைத்துவிட்டான். அந்தச் சீட்டைத் தடவிப் பார்த்த விரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

செல்வத்துக்கு வருகிறேன். ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மல்லிகா ஓடி வந்தாள். “நான் இல்லை என்றால் உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்று சொன்னானாம். சத்தம் போட்டுக்கூட இல்லை, கணக்குச் சொல்வது போலச் சொன்னானாம்.

ராஜி, இந்த ஊரில் யாருக்குப் பல் வலித்தாலும் யாரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வேன். சிறுநீரகக் கல்லுக்கு யார், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிறவர் யார், பட்டா மாற்ற எந்த ஜன்னல், எல்லாம் தெரியும். இதற்கு யார் என்று தெரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது சமையலறை அலமாரியில். தட்டின் அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் ஒரு சாவுச் செய்தி, அதன் கீழே பொடி எழுத்தில் எண்கள் போடுவார்களே, அது. எத்தனை நூறு முறை கண்ணில் பட்டிருக்கும்! டப்பாக்களை நகர்த்திவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன்.

14416-க்கு அடித்தேன். கட்டணம் கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கிறார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் அது. நம் மாநிலத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் குரல், என் மகள் வயதிருக்கும். பெயர், ஊர் என்று நான் விலாவாரியாக ஆரம்பித்தேன். அவள் மெதுவாக மறித்து, அவர் இப்போது எங்கே இருக்கிறார், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றாள். பிறகு, “சாக வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறதா என்று அவரிடம் நேராகக் கேட்டீர்களா அம்மா?” என்றாள்.

“கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிட்டது போல ஆகாதா?” என்றேன்.

“ஆகாது. கேட்டால் பாரம் இறங்கும். கேளுங்கள், நான் போனில் இருக்கிறேன்.”

திண்ணையில் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு வயதில் அவனுக்கு மூக்கு சிந்திவிட்டவள் நான், ஆனாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கேட்டுவிட்டேன். அவன் தெருவையே பார்த்துக்கொண்டு, “தினமும் வருகிறது அக்கா” என்றான். பிறகு என் மடியில் தலையை வைத்துவிட்டான், ஐம்பத்திரண்டு வயது ஆள். போனில் இருந்த பெண் அவனிடமும் பேசினாள். தோட்டத்து மருந்தெல்லாம் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், ராத்திரி தனியாக விடக்கூடாது என்றாள். பம்ப்செட் அறைச் சாவியை மல்லிகாவிடம் வாங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். விடியும் வரை மூன்று பேரும் திண்ணையிலேயே கிடந்தோம்.

காலையில் போக வேண்டிய இடத்தையும் அவளேதான் சொன்னாள். அரசுப் பெரிய மருத்துவமனையில் தினமும் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டாம். அது தவிர மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று. நாட்டில் 1996-இல் தொடங்கியது, தமிழ்நாட்டில் முதலில் வந்த மாவட்டங்களில் திருச்சியும் ஒன்றாம். அதில் மருத்துவர் கிழமை வைத்துச் சிற்றூர் மருத்துவமனைகளுக்கும் வருகிறார். நான் வேலை பார்த்த இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை, எனக்குத் தெரியவில்லை பார்! ஊரில் எந்தக் கதவு எண் யாருடையது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

முதலில் பெரிய மருத்துவமனைக்குத்தான் போனோம். மர பெஞ்சு, கடகடக்கும் மின்விசிறி, கூட்டம். டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கம், பசி, குடிப்பழக்கம் எல்லாம் கேட்டார். செல்வம் தலையைத்தான் ஆட்டினான். பேனாவை மூடி வைத்துவிட்டு, “எத்தனை மரம் விழுந்தது?” என்றார். “ஆயிரத்து இருநூற்று நாற்பது” என்றான். இரண்டு மாதத்தில் நான் கேட்ட முதல் முழுப் பேச்சு அது. பிறகு குத்தகை, முட்டுக்கொடுக்க வாங்கிய கம்பு, மகள் கல்லூரிப் பணம், ஒவ்வொன்றாக வந்தது. டாக்டர் வாழையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். நமக்கு ஏன் அது தோன்றவில்லை? நாங்கள் எல்லாரும் “விட்டுத் தள்ளு, போனது போகட்டும்” என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்.

மல்லிகாவுக்கு வேறு பயம், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று. அங்கே இருந்த சமூகப் பணியாளர் விளக்கினார்: 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சாக முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அந்த முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் இல்லை. நினைப்பதற்கும் சொல்வதற்கும் எந்தக் காலத்திலும் கேஸ் கிடையாது என்றார். மல்லிகா கேட்ட அடுத்த கேள்வி, மகளுக்கு வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமா என்பது. அதற்கு அவர் சொன்ன பதில் அவளுக்குத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. ஊர் வாயைச் சட்டம் மூடுமா? ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக ஆக்கிச் சிரித்தவர்கள்தானே நாம். நீயும் நானும் ஹாஸ்டலில் எத்தனை முறை சொல்லியிருப்போம்.

மாத்திரை இலவசம். முதல் மூன்று வாரம் வாய் உலர்ந்ததைத் தவிர ஒரு மாற்றமும் தெரியவில்லை. அப்படித்தான் இருக்கும், நடுவில் நிறுத்தாதே என்று முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அப்படியும் புரட்டாசியில் ஒரு வாரம் அவனாக நிறுத்திவிட்டான், மறுபடி திண்ணைக்கு வந்துவிட்டது. திரும்ப ஆரம்பித்தோம், இந்த முறை நம் ஊர் அறையிலேயே. முழுவதும் சரியாகிவிட்டான் என்று எழுதினால் பொய். ஆனால் ஐப்பசி கடைசியில் ஒருநாள் கருவாட்டுக் குழம்பில் உப்பு இல்லை என்று மல்லிகாவோடு தெருவுக்குக் கேட்கும்படி சண்டை போட்டான். அவள் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் புகார் சொன்னாள்.

இனி உன் முறை. உன் வீட்டுக்காரர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அழுதால் அழு, யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்பது துக்கம்தானா, அதற்கு மேல் ஏதாவதா என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. படித்தவர்கள் இருக்கிறார்கள். செல்வத்திடம் கேட்ட அதே கேள்வியை உன்னிடமும் கேட்கிறேன்: சாகலாம் என்ற நினைப்பு வருகிறதா ராஜி? வருகிறது என்று நீ சொன்னால் நான் பயந்து ஓடமாட்டேன். பிள்ளைகளுக்குத் தந்தி அடிக்கவும் மாட்டேன், தந்தியையே மூடிவிட்டார்கள்.

எண்களைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன், பொடி எழுத்தில் வேண்டாம். 14416 சொல்லிவிட்டேன். 104 நம் மாநில மருத்துவ உதவி எண், அதிலும் ஆலோசகர் உண்டு. பெயரே சொல்லாமல் யாரிடமாவது பேசினால் போதும் என்று இருந்தால் சென்னையில் சினேகா, 044-24640050. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கியது. அங்கே எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். புத்தி சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள். உனக்கு இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன், புத்தி சொன்னால் உனக்கு ஆகாதே. ராத்திரியில் நினைப்பு மீறினால் இவர்களில் யாரையாவது கூப்பிடு, என்னையும் எழுப்பு. கை மீறுகிற நேரத்தில் 108.

இது புதன்கிழமை உன் கைக்கு வரும், அஞ்சல் துறை என் மானத்தைக் காப்பாற்றினால். அன்று ராத்திரி போன் செய்வேன், கேள்விக்குப் பதில் வேண்டும். மறுநாள் நானே வருகிறேன். முதல் பஸ்ஸில் திருச்சி, அங்கிருந்து புதுக்கோட்டை வழியாக. அதற்குள் உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் என்றைக்கு உட்காருகிறார் என்று விசாலத்தின் மகனை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சேர்ந்தே போவோம். பெஞ்சில் உட்காரும்போது யாராவது பார்த்தால், முசிறிக்காரிக்குத்தான் சீட்டு எடுத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்.

சமைக்காதே. புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறேன்.

உன்
கமலா

பி.கு.: வடகம் இரண்டு டப்பா வருகிறது. போன வருடம் நீ எடுத்துக்கொண்டு போன எவர்சில்வர் டப்பாவைத் தேய்த்து வை, அது என் அம்மாவுடையது.