மெழுகுக் கட்டியை நோயாளி கையில் கொடுக்காதீர்கள்

எங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். போன மே மாதம் உங்கள் மருத்துவமனையில் அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி செய்தார்கள். முதலில் இட்லி இறங்கவில்லை, அப்புறம் குழைந்த சோறு, கடைசியில் கஞ்சியும் நெஞ்சில் நின்றது. பயாப்ஸி அறிக்கையில் புற்றுநோய் என்று இருந்தது, என்ன வகை என்று இல்லை. ‘ஐ.ஹெச்.சி. செய்து உறுதிப்படுத்தவும்’ என்பது கடைசி வரி. சதைத் துணுக்கில் சாயமேற்றி, புற்றுநோய் எந்த வகை என்று கண்டறியும் சோதனை அது. இங்கே அந்த வசதி இல்லை, பிளாக்கை வாங்கி வெளியே கொடுங்கள் என்றார்கள்.

பிளாக் என்பது அப்பாவின் சதைத் துணுக்கைப் பதித்த சின்ன மெழுகுக் கட்டி. அதை வாங்கவே நான்கு நாள் நடந்தேன். கையெழுத்துப் போடுபவர் ஒருநாள் விடுப்பு, மறுநாள் மீட்டிங். கிடைத்ததும், மே வெயிலில் உருகிவிடுமோ என்று ஈரக் கைக்குட்டையில் சுற்றி, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். உருகுமா உருகாதா என்றுகூட யாரும் சொல்லி அனுப்பவில்லை.

முடிவு கைக்கு வந்தது 26ஆம் நாள். ஸ்மால் செல் கார்சினோமா. பெரும்பாலும் நுரையீரலில் வருவது. உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் இந்த வகையாம். அந்தச் சோதனையில் செல்லிலுள்ள சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் போன்ற புரதக் குறிகளைப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். உறுதியானதும் சிகிச்சையே மாறியது. ஆபரேஷன் என்றிருந்தவர்கள், சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு கீமோவும் கதிர்வீச்சும் என்றார்கள். வேகமாகப் பரவும் வகை. அப்பாவுக்குக் கழுத்து நெறிக்கட்டுவரை பரவியிருந்தது. அந்த 26 நாளில்தான் பரவியது என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது.

ஐயா, கேட்பது ஒன்றுதான். ஐ.ஹெச்.சி. தேவை என்று உங்கள் மருத்துவர் எழுதினால், பிளாக்கை மருத்துவமனையே அனுப்பட்டும், முடிவையும் மருத்துவமனையே வாங்கட்டும்.

ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் குணமாக்கலாம் என்று உங்கள் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. நம்பித்தான் வருகிறோம். வந்தவரைக் கவுன்டர் கவுன்டராக அலையவிட்டால் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு? ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரிடம் ‘நாளைக்கு வாங்க’ என்பது எவ்வளவு சுலபமாக வருகிறது!

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில் பாட்டியின் அறிக்கையிலும் அதே கடைசி வரி இருந்தது. அவருக்காக அலைய ஆள் இல்லை. மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

அவருடைய பிளாக் இன்னும் உங்கள் அலமாரியில்தான் இருக்கும். தயவுசெய்து அதிலிருந்து தொடங்குங்கள்.

பணிவுடன்,
ஒரு நோயாளியின் மகன்