குதிரை உற்சாகமாக நடக்கவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் செல்லத் தக்க இடங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையைக் குறிப்பிட்ட இடத்தில், "பிள்ளைகளுக்குச் சமமான உற்சாகத்துடன் குதிரைகளும் சவாரியில் கலந்துகொள்கின்றன" என்று ஒரு வரி இருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழைப் படித்துவரும் எனக்கு, அதைப் படித்த பிறகு அன்று காலை உணவு இறங்கவில்லை.

நான் ஜட்கா வண்டிக்காரரின் மகன். என் தகப்பனார் 1960-களில் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலைய வாசலில் வண்டி போட்டிருந்தவர். மஞ்சக்குப்பத்துக்கும் புதுப்பாளையத்துக்கும் ஆள் ஏற்றிச் சென்ற வருமானத்தில்தான் எங்கள் ஐவரையும் வளர்த்தார். வீடு திரும்பியதும் தாம் ஒரு வாய் தண்ணீர் குடிக்குமுன் குதிரைக்கு வாளியை வைப்பார். பட்டைகளை அவிழ்த்து, முதுகிலும் மார்பிலும் உராய்ந்த இடம் ஏதும் உண்டா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே ஊறவைத்த கொள்ளை எடுத்து வருவார். காது பின்னால் மடிந்து கிடந்தால் அதற்கு முடியவில்லை என்று பொருள், அன்று வண்டி கட்டக் கூடாது என்பது அவர் எங்களுக்குக் கற்றுத்தந்த பாடம். அப்படிக் கட்டாத நாட்களில் எங்கள் வீட்டில் கஞ்சிதான்.

சென்ற ஆண்டு சித்திரையில், ஒரு விடுமுறை நாளின் பிற்பகல் இரண்டரை மணிக்கே பேரன் அடம்பிடித்ததால் அவனைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே கொதிக்கும் மணலில் நின்ற ஒரு பழுப்புக் குதிரையின் சேணத்துக்கடியில் உள்ளங்கை அளவு புண் இருந்தது. புண்ணில் மணல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் தண்ணீர் வாளி எதுவும் இல்லை. நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் அது பதினொரு முறை ஆள் சுமந்து போய்த் திரும்பியது. மனிதனைப் போலவே உடல் முழுதும் வியர்க்கும் பிராணி அது. கோடையில் வேலை செய்யும் குதிரைக்கு நாளொன்றுக்கு முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர்கூடப் போதாமல் போகும். "தாத்தா, அது காதை மடக்குது" என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது தங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாமல் போனது எப்படி? வேட்டைக்கு இரையாகும் இனமானதால் குதிரை வலியை வெளிக்காட்டாமல் நடக்கும். அந்த நடையைத்தான் அவர் உற்சாகம் என்று எழுதிவிட்டார்.

கயிற்றைப் பிடித்திருந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். குதிரை அவருடையதுகூட இல்லை. அவர் நாள்கூலிக்கு நிற்பவர். காசு கொடுத்து ஏறுகிற நாமும், ஏறச் சொல்லி எழுதுகிற தாங்களும்தான் அந்தக் குதிரையை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

தாங்கள் அறியாத சட்டமில்லை. புண்பட்ட, நோயுற்ற விலங்கை வேலைக்கு நிறுத்துவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள், வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணிவரை அவற்றை வேலை வாங்கக் கூடாது என்றும், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. முதுகில் ஏறி உட்காரும் மனிதனும் சுமைதான் என்று நான் நினைக்கிறேன்.

மனவருத்தம் இதனோடு நிற்கவில்லை. 2022 நவம்பர் 30 அன்று காலை, நடைப்பயிற்சிக்குச் சென்ற மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி புதுச்சேரித் தெருவில் சரிந்து விழுந்து இறந்தபோது ஊரே அழுதது; தாங்களும் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் அதன் துதிக்கையில் காசு வைத்து ஆசி வாங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் அந்தப் பக்கங்களை எடுத்து வைத்திருக்கிறேன். இறந்த யானைக்குக் கிடைத்த அந்த இடத்தில் ஒரு மூலையாவது உயிரோடிருக்கும் விலங்குகளுக்குக் கிடைக்கக் கூடாதா? எங்கள் மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிற்றாமைகள் தை முதல் பங்குனிவரை இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. ஏறத்தாழ ஐம்பது நாட்களில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி விடுதி விளக்குகளை நோக்கி ஊர்ந்து சாகின்றன என்று இரண்டு முறை தங்களுக்கு எழுதினேன். இரண்டும் அச்சேறவில்லை. அதே பருவத்தில் "விளக்கொளியில் இரவுக் கடற்கரை" என்று படங்களுடன் ஒரு பக்கம் வந்தது. புதுச்சேரியை ஒட்டிய ஊசுடு ஏரியில் வலசைப் பறவைகள் இறங்கியிருக்கும் மாதங்களில் படகை அவற்றின் அருகே விடச் சொன்னால் அவை எழுந்து பறக்கும், நல்ல படம் கிடைக்கும் என்று வாசகருக்கு யோசனை சொன்னதும் தங்கள் இதழ்தான். பல்லாயிரம் மைல் பறந்து வந்து இரை தேடும் பறவையை ஒரு படத்துக்காக எழுப்புவது அதன் உணவைப் பிடுங்குவதற்குச் சமம்.

நான் கேட்பது பெரிதில்லை. அந்த வரி தவறு என்று இரண்டங்குலத் திருத்தம் வெளியிடுங்கள். பேருந்து வழியும் கட்டணமும் அச்சிடும் கட்டத்துக்குள், புண்பட்ட குதிரையிலும் உச்சி வெயிலிலும் ஏற வேண்டாம் என்று இனி ஒரு வரி சேருங்கள். கட்டுரையாளர் விரும்பினால் ஒரு பிற்பகலில் இங்கே வரட்டும். நானே உடன் வந்து காட்டுகிறேன். பள்ளிகள் திறப்பதற்குள் திருத்தம் வந்தால்தான் பயன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.