குதிரையேற்றச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றினோம். ஆயுத பூஜைக்குச் சேணங்களுக்குப் பொட்டு வைத்தோம். செயற்குழு நான்கு முறை கூடியது. அதில் இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான அளவுக்கு ஆள் இல்லை.

சரி, மட்டக்குதிரை விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் அதை வாங்கினோம். "பெரிய குதிரைகள் இருக்க இது எதற்கு?" என்று இதே அரங்கில் கேட்டார்கள். பெரிய குதிரையில் உட்கார்ந்தால் ஆறு வயதுப் பிள்ளையின் கால் சேணத்தைத் தாண்டி இறங்காது. காலால் என்ன சொன்னாலும் குதிரைக்கு எட்டாது. அதற்குத்தான் மட்டக்குதிரை.

செப்டம்பரில் சேர்ந்த ஒரு சிறுமியை நானே பொறுப்பெடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் ஏற்றவே இல்லை. உடம்பைத் தேய்த்துவிடுவது, விரலை மடக்காமல் உள்ளங்கையில் வைத்துக் கேரட் கொடுப்பது, பின்னங்கால் பக்கம் போகாமல் தோள் பக்கமாக வருவது, இவ்வளவுதான். அப்புறம் நீளக் கயிற்றில் வட்டம். குதிரை என் கையில் இருக்கும். கடிவாளம் அவளுக்குக் கிடையாது. கைகளை விரிப்பாள், குனிந்து கால் கட்டை விரலைத் தொடுவாள். ட்ராட், அதாவது குதிரையின் துள்ளோட்டம், வந்தபோது "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு தடவைக்கு 20 நிமிடம், அதற்கு மேல் இல்லை.

"எப்போதான் கயிற்றை அவிழ்ப்பீங்க?" என்று வீட்டார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நவம்பரில் தாத்தா பாட்டி பார்க்க வந்த அன்று அவிழ்த்துவிட்டேன். தப்பு என்னுடையது. மட்டக்குதிரை நேரே கொள்ளுத் தொட்டிக்குப் போய்த் தலையைத் தாழ்த்தியது. பிள்ளை கழுத்து வழியாகச் சறுக்கி மணலில் விழுந்தாள். ஹெல்மெட் இருந்தது, காயமில்லை. ஆனால் மூன்று வாரம் கேரட் மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். ஏறு என்று யாரும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நான்காவது வாரம் அவளே, கால் வைத்து ஏறும் அங்கவடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி கயிறு, மறுபடி வட்டம். பிப்ரவரியில் கயிறில்லாமல் கூம்புகளுக்கு நடுவே வளைந்து வந்தாள். கடிவாளத்தை இழுக்கவில்லை, போக வேண்டிய திசையைப் பார்த்தாள், தோள் திரும்பியது, குதிரையும் திரும்பியது. அன்று மைதானத்தில் நானும் லாயக்காரரும் மட்டும்தான் இருந்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு ஏதோ இருக்கிறது, பெருமைப்படும்படி இல்லை. உறுப்பினர்களில் பாதிப் பேர் சந்தா பாக்கி. நாம் வராத நாளிலும் குதிரை சாப்பிடுகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டியிருக்கிறது. பாக்கி வைத்திருப்பவர்கள்தான் வாட்ஸ்அப்பில் படம் கேட்கிறார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

தலைவர், பொருளாளர், கால்நடை மருத்துவர், லாயக்காரர் அனைவருக்கும் நன்றி.

இப்போது நான்கு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஒரு மட்டக்குதிரையை நாளுக்கு இரண்டு வகுப்புக்கு மேல் நான் விடமாட்டேன். அடுத்த ஆடிச் சந்தைக்கு அதிக நாளில்லை. அந்தியூர் போய்வர நான் தயார். வெறுங்கையோடு போக மட்டும் மனமில்லை. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தாலும் மகிழ்ச்சியே.

ரசீதுப் புத்தகம் வாசல் பக்க மேஜையில் இருக்கிறது. டீயும் போண்டாவும் அதே மேஜையில்தான்.

செயலாளர்