வத்திராயிருப்புக்காரரும் எங்கள் லேப் அண்ணனும்

புது டெல்லி
மார்ச் 9

அன்புள்ள சிநேகிதி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. பிப்ரவரி முழுக்கக் கல்லூரியில் விருதுக் குழு வேலை. இன்றைக்குத்தான் கொஞ்சம் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறேன். குளிர் விட்டுவிட்டது. காலையில் ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போய் சுவாமிநாதனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். உன் முழங்காலுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

உன் பணி ஓய்வு விழாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. "பதினோரு சால்வை போட்டார்கள். எட்டுப் பேர் பேசினார்கள். எட்டுப் பேரும் 'சிறப்பாகப் பணியாற்றினார்' என்றார்கள். 33 வருஷம் அந்த நூலகத்தில் நான் என்ன செய்தேன் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை." இந்த வரிகளோடுதான் விருதுக் குழுவின் முதல் கூட்டத்துக்குப் போனேன்.

எங்கள் கல்லூரியில் வருஷா வருஷம் பேராசிரியர், அலுவலர், மாணவர் என்று மூன்று பிரிவில் விருது கொடுக்கிறார்கள். பேராசிரியருக்கான படிவம் நாலு பக்கம். எத்தனை ஆய்வுக் கட்டுரை, எவ்வளவு நிதி கொண்டுவந்தார், எத்தனை பேருக்கு வழிகாட்டினார் என்று கேட்டுக்கொண்டே போகும். மாணவர் படிவம் இரண்டு பக்கம். அலுவலர் படிவம் அரைப் பக்கம்: பணியில் சேர்ந்த தேதி, விடுப்பு நாட்கள், துறைத் தலைவரின் ஒரு வரிக் கருத்து. அவ்வளவுதான். அவர் செய்த வேலையை எழுத அதில் இடமே கிடையாது.

அதைப் பார்த்ததும் போன வருஷம் நடந்தது மனசில் வந்து நின்றது. உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

என் மாணவிகள் மூன்று பேர் கடுகெண்ணெய் பற்றி ஒரு ஆய்வு செய்தார்கள். இங்கே எல்லா வீட்டுச் சமையலிலும் அதுதான். 1998-ல் அதில் விஷமான பிரமதண்டு விதை எண்ணெய் கலந்துவிட்டதால் டெல்லியில் அறுபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் பெண்கள் இந்த வேலையில் இறங்கினார்கள். வெவ்வேறு கடைகளில் வாங்கிய எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது அதில் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை, கோணம் அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து, கலப்படம் தெரிகிறதா என்று பார்க்கும் முயற்சி. வித்தியாசம் வந்தால் மூன்றாவது தசமத்தில்தான் வரும். எண்ணெயை ஊற்றி அளக்க எங்களிடம் இருந்த உள்ளீடற்ற பட்டகமோ, முக்கோணக் கண்ணாடிக் கூடு, ஒழுகியது. எங்கள் லேப் அட்டெண்டர் மைக்ராஸ்கோப் சிலைடுகளை வெட்டி, அரால்டைட் வைத்து ஒட்டி, புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். இரண்டு நாள் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தும் ஒரு சொட்டு கசியவில்லை.

நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். விழுப்புரம் பக்கம். சின்னப் பையனாக அப்பா அம்மாவோடு டெல்லிக்கு வந்தவர், இப்போது திரிலோக்புரியில் வீடு. எந்த ஸ்பெக்ட்ரோமீட்டரில் கோணம் எத்தனை நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) பிசகு என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வார்.

மாணவிகளின் அளவுகளில் ஒரு கடை எண்ணெய் மட்டும் தனியாக நின்றது. கலப்படத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளினார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அண்ணன் மட்டும், "மேடம், மத்த எண்ணெயெல்லாம் காலையில எடுத்தாங்க, இதை மத்தியானம் எடுத்தாங்க. இதையும் ஒருதரம் காலையில எடுத்துப் பார்க்கச் சொல்லுங்களேன்" என்றார். ஜனவரி மாதம். காலையில் எங்கள் லேப் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கும், மத்தியானம் இருபதைத் தொடும். எண்ணெய் பத்து டிகிரி சூடேறினால் ஒளிவிலகல் எண் 0.004 அளவுக்குக் குறையும். நாங்கள் கலப்படம் என்று நினைத்தது வெறும் வெயில். அந்தக் கடைக்காரர் மேல் அபாண்டமாகப் பழி போட இருந்தோம். பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து எல்லாவற்றையும் திரும்ப அளந்தோம். கலப்படம் எதிலும் தெரியவில்லை. ஆனால் அளவுகள் சுத்தமாக வந்தன. போட்டியில் அந்தத் திருத்தத்துக்காகத்தான் நடுவர்கள் முதல் பரிசே கொடுத்தார்கள்.

மாணவிகளுக்குக் கோப்பை, வழிகாட்டி என்று எனக்குச் சான்றிதழ். அறிக்கையில் அண்ணன் பெயர் எங்கும் இல்லை. 'நன்றி' பக்கத்தில் முதல்வர், துறைத் தலைவர், பெற்றோர் எல்லாரும் இருந்தார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருஷமாக அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்புறம், இந்த வருஷம் அறிவியல் நாள் பேச்சு எனக்கு. யாரைப் பற்றிப் பேசினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன்தான். இங்கே பூசா பக்கம் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கும் சாலைக்கு அவர் பெயர்தான். 1947-ல் அதன் முதல் இயக்குநர் அவர். அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வந்துவிடும். 1958-ல் அறிவியலுக்கான பட்நாகர் விருது தொடங்கியபோது முதலில் வாங்கியவரும் அவர்தான். ஆனால் படிப்பு முடிந்து அவர் பார்த்த முதல் வேலை என்ன தெரியுமா? சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். லேபில் பையன்களுக்குச் சோதனை செய்து காட்டும் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யார் எதைக் கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்வாராம். பள்ளிக்கூடத்தில் தனக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்த திருமலைக்கொழுந்து பிள்ளையை மறக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார்.

ராமன் விளைவைக் கண்டுபிடித்த 1928 பிப்ரவரி 28-ஐத்தான் அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருவதுதான் அது. அந்தக் கண்டுபிடிப்பை அறிவித்த சிறு கட்டுரை மார்ச் 31-ஆம் தேதி 'நேச்சர்' இதழில் வந்தது. ராமன், கிருஷ்ணன் இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கிறது. ஏறக்குறைய அறுபது திரவங்களைச் சோதித்துப் பார்த்ததாக அதில் எழுதியிருக்கிறார்கள். அறுபது திரவம்! ஒரே ஒரு எண்ணெயை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 1930-ல் நோபெல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. அதன் நியாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தச் சிறு கட்டுரையில் கிருஷ்ணன் பெயர் அச்சாகியிருப்பதால்தான் இன்றைக்கு நான் மேடையில் நின்று அவரைப் பற்றிச் சொல்ல முடிகிறது. எங்கள் கடுகெண்ணெய் அறிக்கையைப் பிற்பாடு யாராவது புரட்டினால் அண்ணன் இருந்ததே தெரியாது.

குழுவில் இதைச் சொன்னேன். "அவர் வேலையைத்தானே செய்தார், அதற்குச் சம்பளம் வாங்குகிறாரே" என்றார் ஒருவர். நாமும் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே ஆய்வு செய்கிறோம், பிறகு நமக்கு எதற்கு நாலு பக்கப் படிவம் என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். கடைசியில் அலுவலர் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள்: "இவர் இல்லாவிட்டால் எந்த வேலை நடந்திருக்காது? ஒன்றைச் சொல்லி விளக்குக." அதற்குப் பிறகு வந்த விண்ணப்பங்களை நீ பார்த்திருக்க வேண்டும். பார்வையற்ற மாணவர்களுக்காகக் கேள்வித்தாளை உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்த தேர்வுப் பிரிவு எழுத்தர். வராமல் நின்றுபோன உதவித்தொகையைத் துரத்தித் துரத்தி வாங்கிக் கொடுத்த கணக்கர். இத்தனை வருஷம் இவர்களோடு ஒரே கேன்டீனில் டீ குடித்திருக்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியாது.

விருது அண்ணனுக்குத்தான் கிடைத்தது. பாராட்டுரையை நான்தான் எழுதினேன். 'அயராத உழைப்பு', 'தன்னலமற்ற சேவை' எதையும் போடவில்லை. சிலைடு, அரால்டைட், காலை அளவு, மத்தியான அளவு என்று நடந்ததை நடந்தபடி எழுதினேன். இந்தியில் வாசித்தார்கள். தெர்மாமீட்டர் விஷயம் வந்ததும் மாணவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவருடைய மகள் பக்கத்தில் வந்து, "அப்பா லேபில் என்ன செய்றாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது மேடம்" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

மாணவிகள் அறிக்கையைத் திருத்தி அவர் பெயரைச் சேர்த்து, மறுபடி பைண்டு பண்ணி நூலகத்தில் வைத்துவிட்டார்கள்.

சரி, உன் விஷயம். சாயங்காலம் ஏழரைக்குத்தான் கடைசி பஸ் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்காக நூலகத்தை ஏழு மணி வரை நீயே திறந்து வைத்திருந்தாயே, அது எத்தனை வருஷம்? பழைய கார்டு அட்டவணையைத் தூக்கிப் போடச் சொன்னபோது வீட்டுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினாயே, அது எந்த வருஷம்? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதையெல்லாம் விவரமாக எழுதி அனுப்பு. நான் ஒழுங்காக எழுதித் தருகிறேன். உன் பேத்தி படிக்கட்டும்.

உன் மகன் அடுத்த மாதம் டெல்லி வருவதாக எழுதியிருந்தாயே, அவனிடம் ஒரு கிலோ பால்கோவா கொடுத்துவிடு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்று அண்ணனிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அவர் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. பாதி அவர் வீட்டுக்கு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்